புதுநூல் மேசையும் மறைந்தவர் நினைவும்: பிரிக்பீல்ட்சில் ஒரு பதிப்பகம்

கோலாலம்பூரில் உள்ளூர்த் தமிழ் நூல் விலைபோகும் இடம் புத்தகக் கடை அன்று, நூல் வெளியீட்டு விழாவே. எழுதுகிற எவரும் இதை அறிவர். மண்டபம் பிடித்து, முதல் நூலைப் பெற்றுக்கொள்ள டத்தோ, டான்ஸ்ரீ என்று அரசப் பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவரை அழைத்து, அவர் அறிவிக்கும் தொகையோடு வந்தவர்கள் உறையில் வைத்துத் தருவதும் சேர்ந்தால்தான் அச்சகத்துக் கணக்கு தீரும். எழுத்தாளரே பதிப்பாளர், அவருடைய காரின் பின்பகுதியே கிடங்கு என்று நடந்துவரும் இந்த ஏற்பாட்டில், விழா முடிந்த மறுவாரம் அந்நூலைத் தேடுகிறவருக்கு அது எங்கே கிடைக்கும் என்று சொல்ல ஆளில்லை. இந்த வழக்கத்திலிருந்து விலகி நிற்க முயலும் ஒரு பதிப்பகம் பிரிக்பீல்ட்சில் இருக்கிறது. பாராட்டோடு குறைகளையும் எழுதப் போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். அந்த வட்டாரத்தில் தமிழ் நூல் வாங்கும் பழக்கமுள்ளவர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

துன் சம்பந்தன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், உணவகம் ஒன்றின் மேல்மாடியில் இடம். மோனோரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். காரில் வருபவர்கள் சனிக்கிழமை மாலையில் நிறுத்த இடம் தேடிச் சலித்துப் போவார்கள். படிக்கட்டு செங்குத்தானது, மின்தூக்கி கிடையாது. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்களாக இருக்கும் ஒரு கடைக்கு இது சிறிய குறை அன்று. மேலே போனால் முன்னறையில் விற்பனை, பின்னறையில் மெய்ப்புத் திருத்தம். ஒரு சுவர் முழுக்கத் தமிழ்நாட்டு நூல்கள், ரூபாய் விலையின் மேல் ரிங்கிட் விலை ஒட்டப்பட்டு நிற்கின்றன. அவற்றை வேறு கடைகளிலும் வாங்கலாம் என்பதால் அவற்றைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது வாசலை ஒட்டிப் போடப்பட்டிருக்கும் புதுநூல் மேசை. இந்தப் பதிப்பகம் வெளியிடும் ஒவ்வொரு நூலும் மூன்று மாதம் அந்த மேசையில் இருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பக்கத் துண்டுத்தாள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. எழுத்தாளரைப் பற்றி நான்கு வரி, நூலிலிருந்து ஒரு பத்தி, விலை ஆகியவை மட்டுமே அதில் உள்ளன. வாழ்த்துரைகளோ அமைச்சரின் படமோ இல்லை. நூலின் நடை எப்படிப்பட்டது என்பதை அந்த ஒரு பத்தி காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதைப் படித்து வாங்கியதும் உண்டு, அதைப் படித்ததாலேயே வாங்காமல் திரும்பியதும் உண்டு. விளம்பரத்தாளின் வேலை இரண்டையும் செய்வதுதான் என்று இந்தப் பதிப்பகத்தார் நினைக்கிறார்கள் போலும்.

வெளியீடு அதே அறையில், நாற்பது நாற்காலிக்குள் நடக்கிறது. குத்துவிளக்கு உண்டு, பொன்னாடையும் மாலையும் இல்லை. எழுத்தாளர் தம் நூலிலிருந்து ஓர் இயலை வாசிக்கிறார். அதன்பின், இரண்டு வாரங்களுக்கு முன்பே படிக்கக் கொடுக்கப்பட்ட படியை உண்மையாகவே படித்து முடித்துவிட்டு வந்த ஒரு வாசகர் பேசுகிறார். நான் போயிருந்த ஒரு மாலையில், ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், நாவலின் நடுப்பகுதி இழுவையாக இருப்பதாகவும், தண்டவாளப் பராமரிப்புப் பற்றி எழுதியிருப்பதில் இரண்டு இடங்கள் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்றும் எழுத்தாளரை வைத்துக்கொண்டே சொன்னார். எழுத்தாளர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். புகழுரைக்கென்றே ஆட்களை வரிசைப்படுத்தும் மேடைகளைப் பார்த்துப் பழகிய எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

முதல் நூல் பெறும் சடங்கு இங்கே அறவே இல்லை. யாராக இருந்தாலும் அட்டையில் உள்ள விலையைக் கொடுத்து வாங்க வேண்டும். அப்படியானால் செலவுக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். விடை அச்சுமுறையில் இருக்கிறது. நம்மவர்களில் பலர் சென்னையில், தகடு செய்து அச்சிடும் ஆப்செட் முறையில் அச்சிட்டுக் கப்பலில் தருவிப்பது, படி எண்ணிக்கை கூடக் கூட ஒரு படிக்கான செலவு குறையும் என்பதால்தான். தகடு தயாரிக்கும் செலவு நூறு படிக்கும் ஆயிரம் படிக்கும் ஒன்றே. ஆனால் அந்த ஆயிரத்தில் எழுநூறு கட்டிலுக்கடியில் கிடந்தால் குறைந்த விலை யாருக்கு இலாபம்? இந்தப் பதிப்பகம் புலனம் (வாட்ஸ்அப்) வழியாக முன்பதிவு வாங்கி, பதிவான எண்ணிக்கையோடு கொஞ்சம் மட்டும் கூட்டி, உள்ளூரிலேயே டிஜிட்டல் முறையில் அச்சிடுகிறது. தகட்டுச் செலவு இல்லை; படி ஒன்றுக்கான செலவு கூடுதல். 180 பக்க நாவலுக்கு 35 ரிங்கிட் கொடுக்க வேண்டியிருப்பது அதனால்தான். முணுமுணுத்தபடியே கொடுத்தேன், கொடுத்தது நியாயம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இனி அந்த மாலைகளின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். இந்தப் பதிப்பகத்தைப் பற்றி எழுதத் தூண்டியது அதுவே. புது நூலுக்குப் பிறகு, மறைந்த எழுத்தாளர் ஒருவரை நினைவுகூர்கிறார்கள். நினைவுக்கூட்டம் நமக்குப் புதிதன்று. படத்துக்கு மாலை, ஒரு நிமிட மௌனம், பிறகு ஒவ்வொருவராக எழுந்து, மறைந்தவர் தம்மிடம் எத்தனை அன்பு வைத்திருந்தார் என்று விவரிப்பார்கள். பேசியவரைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டு வீடு திரும்புவோம்; மறைந்தவர் எழுதிய ஒரு வரிகூடக் காதில் விழுந்திருக்காது. இங்கே ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: அவருடைய நூல் ஒன்றாவது அன்று மேசையில் விற்பனைக்கு இருந்தாலொழிய அவருக்குக் கூட்டம் நடத்துவதில்லை. நூல் அச்சில் இல்லையென்றால் முதலில் மறுபதிப்பு, பிறகே கூட்டம்.

தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்து மறைந்த ஒரு சிறுகதையாளருக்கு நடந்த மாலையை உதாரணமாகச் சொல்லலாம். அவர் கதைகளில் பெரும்பாலானவை நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளில் வந்தவை. நூலாக வந்தது மெலிந்த ஒரே ஒரு தொகுப்பு. அவருடைய துணைவியார் அந்த நறுக்குகளையெல்லாம் பள்ளியின் பழைய வருகைப் பதிவேடு ஒன்றில் ஒட்டி, ஓரத்தில் தேதி எழுதி வைத்திருந்தார். பதிவேட்டைக் கண்ணாடித் தட்டுக்குள் விரித்து வைத்திருந்தார்கள். மாணவர் பெயர்களுக்கான சிவப்புக் கோடுகளின் மேல், பழுப்பேறிய இரண்டு பத்தி அச்சு. ஓரத்தில் நீல மையில் தேதி. கோந்து வழிந்த இடத்தில் எழுத்து மங்கல். சில கதைகள் வேறு பக்கத்தில் தொடர்ந்திருக்க, நறுக்கியவர் அந்தப் பக்கத்தைத் தவறவிட்டிருக்கிறார். பதிப்பாசிரியர் நூலகங்களில் பழைய இதழ்த் தொகுப்புகளைப் புரட்டி மீதியைத் தேடிச் சேர்த்திருக்கிறார். ஒரு கதைக்கு மட்டும் முடிவு கிடைக்கவில்லை. கிடைத்தவரைக்கும் அச்சிட்டு, ‘இதன் பின்பகுதி கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். தாமே ஒரு முடிவை எழுதி ஒட்டிவிடாத அந்த நேர்மைக்காகவே நூலை வாங்கலாம். கூட்டத்தில் உரைகள் இரண்டே. மற்ற நேரம் முழுவதும் அவர் கதைகளில் ஒன்றை இளைஞர் இருவர் மாறி மாறி முழுமையாக வாசித்தார்கள். தோட்டத்துப் பேச்சை மேடைத் தமிழாக மாற்றாமல் எழுதியபடியே வாசித்ததால், கதை தன் ஊரிலேயே நின்றது.

இத்தகைய வேலை ஏன் அவசரமானது என்பதற்கு நாளிதழ்களின் கதையே போதும். 1924ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசன், 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நின்றுபோனது. மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் பெரும்பகுதி முதலில் வெளிவந்தது புத்தகத்தில் அன்று, இப்படிப்பட்ட இதழ்களில்தான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் பட்டியலிட்டு இராம. சுப்பையா தொகுத்த நூலை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969ஆம் ஆண்டு வெளியிட்டது. இன்றும் ஆய்வாளர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். ஆனால் ஒரு நூல் இருந்தது என்று பட்டியல் சொல்லும், அதைப் படிக்கத் தராது. தருவது மறுபதிப்பு ஒன்றே.

மறுபதிப்பில் உரிமைச் சிக்கலும் உண்டு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்த பிறகும் ஐம்பது ஆண்டுகளுக்கு உரிமை தொடர்கிறது. 1990இல் மறைந்தவரின் படைப்புக்கு 2040ஆம் ஆண்டு இறுதிவரை வாரிசுகளின் இசைவு வேண்டும். ‘நினைவாகத்தானே போடுகிறோம்’ என்று கேட்காமலே அச்சிடுவோரை நாம் அறிவோம். இங்கே குடும்பத்தாரிடம் எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்து, விற்பனையில் ஒரு பங்கும் தருகிறார்கள். நூலுக்கான அனைத்துலகத் தர எண் (ISBN) பெறுவதும், 1986ஆம் ஆண்டு நூலக ஒப்படைப்புச் சட்டம் கேட்கும் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்துக்கு அனுப்புவதும் இங்கே தவறுவதில்லை என்று சொன்னார்கள். எழுத்தாளரே சொந்தமாக வெளியிடும்போது கைநழுவிப் போகக்கூடிய வேலை இது. ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் அந்நூலைத் தேடினால் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இந்த ஐந்து படிகளைப் பொறுத்ததாகவே இருக்கலாம்.

குறைகளும் சிறியவை அல்ல. மேலே சொன்ன சிறுகதைத் தொகுப்பில் ஒவ்வொரு கதைக்கும் இதழின் பெயரும் தேதியும் இருக்கின்றன. இதே பதிப்பகத்தின் முந்தைய மறுபதிப்பு நாவல் ஒன்றில் அப்படி எதுவும் இல்லை. ‘முதல் பதிப்பு’ என்று இப்போதைய ஆண்டையே போட்டிருக்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நாவலை, புதிதாகப் படிக்கும் மாணவர் இன்றைய நாவல் என்று கருத அந்த ஒரு வரி போதும். நினைவுகூர்வதை இத்தனை அக்கறையோடு செய்பவர்கள், ஒருவர் எழுதிய காலத்தை எப்படி விட்டுவிட்டார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. கட்டமைப்பும் திருப்தியில்லை: முதுகில் கோந்து மட்டும் தடவி ஒட்டியிருப்பதால், 300 பக்கத்துக்கு மேற்பட்ட நூல் நன்றாக விரித்ததும் நடுவில் பிளந்துவிடுகிறது.

குறைந்த படிகள் அச்சிடுவதன் மறுபக்கம், கூட்டம் முடிந்ததும் நூல் தீர்ந்துபோவது. நண்பருக்காக மறுவாரம் கேட்டபோது, “ஐயா, அடுத்த மாசம் வந்திரும், பேரை மட்டும் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க” என்றார் கல்லாவில் இருந்த தம்பி. அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. டிஜிட்டல் முறையின் நன்மையே வேண்டும்போது ஐம்பது படி எடுத்துக்கொள்ளலாம் என்பதுதானே? விலைப்பட்டியல் என்று ஒன்று அச்சில் இல்லை. முகநூல் பக்கத்தில் நிகழ்ச்சிப் படங்கள் குவிந்திருக்கின்றன, எந்த நூல் இருப்பில் உள்ளது என்ற செய்தி மட்டும் இல்லை. பினாங்கிலிருந்தும் சுங்கைப்பட்டாணியிலிருந்தும் தபாலில் கேட்பவர்கள் நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். வடக்கில் வாசகர் இல்லாமல் இல்லை. அங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து 2016இல் மறைந்த ரெ. கார்த்திகேசு போன்றவர்களின் எழுத்தைப் படித்து வளர்ந்த பினாங்கில், இந்த மாலைகளில் ஒன்றையாவது நடத்தினால் நாற்காலி போதாமல் போகும்.

யாரை நினைவுகூர்கிறார்கள் என்பதிலும் ஒரு குறுகல் தெரிகிறது. இதுவரை நான் பார்த்தவை பெரும்பாலும் ஆண் சிறுகதையாளர்களுக்கும் நாவலாசிரியர்களுக்கும் நடந்தவை. எழுதியவர்களைப் போலவே எழுத வைத்தவர்களும் இருக்கிறார்கள். முருகு சுப்பிரமணியன், ஆதி. குமணன் போன்ற இதழாசிரியர்கள் திறந்துவிட்ட பக்கங்களில்தான் பலர் முதல் கதையை அச்சில் கண்டார்கள். இதழாசிரியரின் தலையங்கங்களையும் வாசகர் கடிதங்களுக்கு எழுதிய பதில்களையும் தொகுத்தால் அதுவும் ஒரு நூலாகும். பெண் எழுத்தாளர்களைப் பற்றிக் கேட்டேன். பெண் கவிஞர் ஒருவரின் தொகுப்புக்குக் குடும்பத்தார் இசைந்துவிட்டதாகவும், கவிதைகள் இன்னும் முழுமையாகச் சேரவில்லை என்றும் சொன்னார்கள்.

தமிழ்நாட்டு நூல்களை மலிவாக வாங்க விரும்புபவர்கள் இந்த மாடி ஏற வேண்டியதில்லை. உள்ளூர் எழுத்தைப் படிக்க விரும்புபவர்களும், பட்டப்படிப்புக்காக மலேசிய இலக்கியம் தேடும் மாணவர்களும் ஒரு சனிக்கிழமை மாலை போய்வரலாம். ஐந்தரைக்கு என்று அறிவித்தால் ஐந்தரைக்கே தொடங்குகிறார்கள். புலனத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது, செய்யாதவர்களுக்கு மறுபதிப்புப் படி கிடைப்பது உறுதியில்லை. வங்கி அட்டை வாங்குவதில்லை. ரொக்கமோ கியூஆர் வழியோ செலுத்தலாம். அந்தப் பெண் கவிஞருக்கான கூட்டத்துக்கு நாள் கேட்டபோது, நூல் அச்சுக்குப் போன பிறகு அறிவிப்பதாகச் சொல்லி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.