கிளட்ச் கிட்: பிளேட் நல்லா இருக்கு, ஸ்பிரிங் வேண்டாம்

முதலில் பைக்கைச் சொல்லிவிடுகிறேன். ஹோண்டா சூப்பர் ஃபோர், 399 சிசி. சிங்கப்பூரில் 2ஏ உரிமம் (400 சிசி வரை ஓட்ட) எடுத்தவர்களில் பலர் இதில் விழுந்து எழுந்துதான் பழகியிருப்பார்கள். என்னுடையது சிஓஇ (வாகனம் வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழ்) ஒருமுறை புதுப்பித்த கிழவன், 78,000 கிலோமீட்டர் ஓடியாச்சு. ஈசூனிலிருந்து துவாஸுக்குத் தினம் வேலைக்குப் போக, வாரக் கடைசியில் எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் போக, இவன்தான்.

இரண்டு மாதமாகவே புக்கிட் தீமா விரைவுச்சாலை மேட்டில் ஆறாவது கியரில் முறுக்கினால் ஆர்பிஎம் மட்டும் விர்ரென்று ஏறும், பைக் ஏறாது. கேபிளில் தளர்வு இல்லாமல் இறுக்கிக் கிடந்தாலும் இப்படித்தான் வழுக்கும் என்பதால் முதலில் அதைப் பார்த்தேன், லீவர் நுனியில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆட்டம் சரியாகவே இருந்தது. எண்ணெய்யும் ஜாசோ எம்ஏ2, அதாவது பைக் கிளட்சுக்கு ஏற்ற தரம் என்று குறி போட்டதுதான். காருக்கான எண்ணெய் ஊற்றினால், அதில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் சரக்கே கிளட்சை வழுக்க வைக்கும், என் தம்பி பைக்கில் அப்படி ஆகியிருக்கிறது. என் பைக்கில் அதுவும் காரணமில்லை. ஆக பிளேட் தேய்ந்துவிட்டது. ஜோகூர் போகும் கடற்பாலத்தில் சனிக்கிழமை வரிசையில் அரை கிளட்சில் ஊர்ந்த மணி நேரங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் இவ்வளவு நாள் தாங்கியதே பெரிய விஷயம்.

பட்டறையில் கேட்டேன், 280 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றார்கள். விலை நியாயமோ இல்லையோ, எனக்குக் கை அரித்தது. ஆன்லைனில் ஒரு கிட் 96 வெள்ளி, தபால் செலவோடு. உராய்வுப் பொருள் ஒட்டிய ஃபைபர் பிளேட், அவற்றுக்கு இடையில் உட்காரும் ஸ்டீல் பிளேட், அடுக்கை அழுத்திப் பிடிக்கும் 'ஹெவி டியூட்டி' ஸ்பிரிங், மூடி ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கட், எல்லாம் ஒரே பெட்டியில். பிராண்டு பெயரை விட்டுவிடுகிறேன், இதே மாதிரி கிட் நாலைந்து பெயரில் வருகிறது, எல்லாவற்றையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை.

பெட்டிக்குள் இருந்த ஒற்றைக் காகிதத்தில் படம் இருக்கிறது, முக்கியமான விஷயம் இல்லை. ஃபைபர் பிளேட்டை அப்படியே காய்ந்தபடி மாட்டக் கூடாது, எஞ்சின் எண்ணெய்யில் ஊறவைத்துத்தான் மாட்ட வேண்டும். எண்ணெய்யில் மூழ்கி வேலை செய்கிற கிளட்ச் இது, காய்ந்து போட்டால் முதல் சில நிமிடத்திலேயே மேற்பரப்பு கருகிவிடும். தீபாவளி முறுக்கு டப்பா ஒன்று காலியாக இருந்தது, அதில் அடுக்கி, மூழ்கும் அளவுக்கு எண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதை எப்படா பொரிக்கப் போற?" என்றார்.

நான் இருக்கிற அடுக்குமாடி புளோக் கீழே இந்த வேலையெல்லாம் பார்க்க முடியாது. சிராங்கூன் கார்டனில் நண்பன் வீட்டு முன் வாசலில் வைத்துப் பார்த்தேன். பழைய எண்ணெய்யைப் பாட்டிலில் பிடித்துப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்துவிட்டோம். சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள், நம் ஊரில் அது நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேருகிற தண்ணீர். எண்ணெய் மாற்றும் எண்ணம் இல்லை என்றால் வடிக்காமலேயே வேலையை முடிக்கலாம். கிளட்ச் மூடி வலது பக்கம், சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் பைக் இடது பக்கம் சாயும், எண்ணெய்யும் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும். என் எண்ணெய்யில் கருகிய வாடை அடித்தது, அதனால் வடித்தேன்.

மூடி போல்ட்டுகளைக் கழற்றி ஒரு அட்டையில், எந்த ஓட்டையில் இருந்ததோ அதே இடத்தில் குத்தி வைத்தேன், ஏனென்றால் நீளம் எல்லாம் ஒன்றில்லை. பிறகு ஸ்பிரிங் போல்ட். ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். உள்ளே பிளேட் அடுக்கைப் பார்த்ததும் கை வைக்காமல் போட்டோ எடுங்கள், இரண்டு மூன்று கோணத்தில். பல ஹோண்டா எஞ்சின்களில் வெளியே இருக்கிற கடைசி ஃபைபர் பிளேட்டின் காதுகள் (ஓரத்தில் நீட்டிக்கொண்டிருப்பவை) மற்றதோடு ஒரே வரிசையில் உட்காராது, பக்கத்தில் இருக்கிற ஆழம் குறைந்த பள்ளத்தில் உட்காரும். கிட்டில் வந்த காகிதத்தில் அதுவும் இல்லை. என் போட்டோதான் காப்பாற்றியது.

முஸ்தஃபா கடையில் வாங்கிய டிஜிட்டல் வெர்னியரில் பிளேட்டின் தடிமனை அளந்தேன். பழைய பிளேட்டில் மோசமானது 2.61 மில்லிமீட்டர், புதுசு 3.02. பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, மயிரிழைதான். ஆனால் அத்தனை பிளேட்டும் சேர்த்துத் தேய்ந்திருப்பதால் மொத்த அடுக்கு நல்லாவே குறைந்து, ஸ்பிரிங்கின் அழுத்தம் போய்விடுகிறது. கிட்டின் ஃபைபர் பிளேட் உண்மையில் அருமை. எல்லாம் ஒரே தடிமன், காதுகள், பிளேட் அடுக்கு உட்காரும் கிளட்ச் கூடையில் சிக்காமல் வழுவழுவென்று இறங்கின. (கூடையின் விரல்களில் பிளேட் காது தட்டித் தட்டிப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எனக்கு லேசாகத்தான், அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தேன்.)

ஸ்டீல் பிளேட் சுமார். கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன், வளைவு இல்லை, ஆனால் வெட்டிய ஓரத்தில் பிசிறு. ஸ்டீல் பிளேட்டுக்கு ஒரு பக்கம் ஓரம் கூர்மையாகவும் மறுபக்கம் மழுங்கலாகவும் இருக்கும், எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்த்த மாதிரி அடுக்க வேண்டும். பிசிறை நைசான உப்புத்தாளில் தேய்த்து எடுக்க எனக்கு அரை மணி நேரம். 96 வெள்ளி கொடுத்த பிறகு இந்த வேலை என் தலையில் விழுந்திருக்கக் கூடாது.

கேஸ்கட்டைப் பற்றி என்ன சொல்ல. இரண்டு ஓட்டைகள் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தன, இழுத்துப் பிடித்துப் போட்டேன், மறுநாளே மூடியின் அடிப்பக்கம் எண்ணெய் முத்து முத்தாக நின்றது. ஜாலான் புசார் பக்கம் ஒரு பைக் சாமான் கடையில் ஒரிஜினல் கேஸ்கட் 14 வெள்ளி. கிட்டில் வந்ததைக் காட்டினதும் கடைக்கார அங்கிள் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இனி ஸ்பிரிங். எனக்கு நிஜமான கோபம் இதில்தான். மாட்டி ஓட்டினேன், வழுக்கல் போச்சு, முறுக்கினால் பைக் பாய்ந்தது, சந்தோஷம். வந்த சனிக்கிழமை ஜோகூர் போனேன். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிக்கு முன்னாலேயே வரிசை நகராமல் நின்றுவிட்டது. பிடி, விடு, பிடி, விடு. அரை மணி நேரத்தில் இடது முன்கை கல்லாகிவிட்டது, ஒரு மணி நேரத்தில் விரல் மடங்க மறுத்தது, அந்தப் பக்கம் போய் ரொட்டி சானாய் பிய்க்க வலது கை ஒன்றுதான் மிச்சம். 'ஹெவி டியூட்டி' என்றால் ஸ்பிரிங் விறைப்பு அதிகம், அவ்வளவுதான். கூடுதல் குதிரைச் சக்திக்கு டியூன் செய்து டிராக்கில் ஓட்டுகிறவருக்கு அது தேவைப்படலாம், அங்கே வரிசையில் நிற்க வேண்டாம். நமக்கு எதற்கு? பழைய ஸ்பிரிங்குகளை அளந்து பார்த்திருந்தேன், சர்வீஸ் புத்தகம் சொல்லும் நீளத்துக்குக் குறையவே இல்லை, நான்தான் புதுசு வந்திருக்கிறதே என்று மாட்டினேன்.

ஒழுகுகிற கேஸ்கட்டை மாற்ற எப்படியும் திறக்க வேண்டியிருந்ததால் அதோடு பழைய ஸ்பிரிங்கையும் திரும்பப் போட்டுவிட்டேன். இரண்டாவது முறை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. போல்ட்டுகளுக்கு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் சாவி) இருந்தால் நல்லது, 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 12 நியூட்டன் மீட்டர் போதும், கை வேகத்தில் ஓங்கி இறுக்கினால் அலுமினிய மரை உரிந்து, மிச்சம் பிடித்த பணமெல்லாம் அங்கே போய்விடும்.

இப்போது 1,500 கிலோமீட்டர் ஆகிறது. மேட்டில் வழுக்கல் இல்லை, லீவர் பழையபடி இரண்டு விரலில் பிடிக்கிற மாதிரி இருக்கிறது, மூடி காய்ந்து சுத்தமாக இருக்கிறது. விற்றவரிடம் கேஸ்கட் படத்தை அனுப்பினேன், 3 வெள்ளி திருப்பித் தந்தார், அதற்கு நான்கு செய்தி எழுத வேண்டியிருந்தது.

திரும்ப வாங்குவேனா? கிட்டாக வாங்க மாட்டேன். அதே ஃபைபர் பிளேட் தனியாக 52 வெள்ளிக்குக் கிடைக்கிறது, அதை மட்டும் வாங்கி, கேஸ்கட்டை ஜாலான் புசாரில் எடுத்து, ஸ்டீல் பிளேட்டும் ஸ்பிரிங்கும் அளவில் சரியாக இருந்தால் பழசையே போடுவேன். அந்த விறைப்பான ஸ்பிரிங்குகள் இப்போது முறுக்கு டப்பாவில் கிடக்கின்றன, டிராக்கில் ஓட்டுகிற யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன், ஈசூன் எம்ஆர்டிக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். டப்பாவை அம்மா கேட்கவில்லை, அதுவும் சேர்த்துத்தான்.