கோல்ஃப்: புதுசா, செகண்ட் ஹேண்டா?

ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் வாங்க நினைப்பவர் முதலில் பார்ப்பது விலை வித்தியாசத்தை. பார்க்க வேண்டியது எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எந்த வருஷம் என்பதைத்தான். சரியான எஞ்சின் போட்ட ஏழு வருஷப் பழைய கோல்ஃப் நிம்மதியாக ஓடும். தவறான கியர்பாக்ஸைத் தேர்ந்தெடுத்தால், ஷோரூமிலிருந்து நேராக வந்த வண்டியும் வாரன்டி முடிந்தபின் செலவு வைக்கும்.

தலைமுறைக் கணக்கு இதுதான்: ஆறாவது கோல்ஃப் 2008, ஏழாவது 2012, அதன் ஃபேஸ்லிஃப்ட் (இடையில் வரும் திருத்திய வடிவம்) 2017, எட்டாவது 2019 கடைசியில், அதன் ஃபேஸ்லிஃப்ட் 2024.

கியர்பாக்ஸ்: இரண்டு பக்கமும் ஒரே கேள்வி

ஃபோக்ஸ்வேகனின் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கை டிஎஸ்ஜி என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பது வேறு வேறு பெட்டிகள். டிக்யூ200 ஏழு கியர், உலர் கிளட்ச். டிக்யூ250 ஆறு கியர், டிக்யூ381 ஏழு கியர். இவை இரண்டும் எண்ணெயில் முழுகிய கிளட்ச். உலர் கிளட்ச் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வரைதான் தாங்கும். அதனால் சிறிய பெட்ரோல் எஞ்சின்களுக்கு அதைப் போடுகிறார்கள்.

வம்பு டிக்யூ200-இல்தான் அதிகம். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் தேய்கிறது. அந்தச் சூட்டைக் கொண்டுபோக எண்ணெய் இல்லாததால் ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்குப் போகையில் வண்டி நடுங்கத் தொடங்கும். இன்னொன்று மெக்கட்ரானிக்ஸ், அதாவது கியர் மாற்றும் ஹைட்ராலிக் பகுதியும் கணினியும் சேர்ந்த யூனிட். அதில் அழுத்தம் நிற்காமல் போனால் கியர் குறியீடு டேஷ்போர்டில் மினுக்கும், ரிவர்ஸ் விழாது, சில சமயம் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். 2013-இல் இந்த கியர்பாக்ஸ் போட்ட சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, கியர்களுக்கு ஊற்றியிருந்த சிந்தெடிக் எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்றினார்கள். அதற்கு முந்தைய வண்டி என்றால் அந்த வேலை நடந்ததற்கான பதிவு கட்டாயம் வேண்டும்.

புதுசு வாங்குபவர் கவனிக்க வேண்டிய இடமும் இதுவே. எட்டாவது கோல்ஃபின் 1.5 இடிஎஸ்ஐ (மைல்ட் ஹைப்ரிட் பெட்ரோல்) எஞ்சினோடு இருப்பதும் திருத்தப்பட்ட அதே டிக்யூ200 குடும்பம்தான். தினமும் நெரிசலில் ஓட்டுபவர் அந்த இடிஎஸ்ஐ-க்குப் பதிலாக மேனுவல் வண்டியையோ, ஈரக் கிளட்ச் வரும் பெரிய எஞ்சினையோ எடுப்பது நல்லது. இந்த இடத்தில் புதுசு என்பதால் கிடைப்பது வாரன்டி மட்டுமே.

ஈரக் கிளட்சுக்கு வேறொரு நிபந்தனை. டிக்யூ250-க்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். டிக்யூ381-க்கு 120,000 கி.மீ. செகண்ட் ஹேண்ட் வண்டியில் இதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

சோதிக்கும் முறை எளிது. லேசான மேட்டில் நிறுத்தி, டி-யில் போட்டு, பிரேக்கை மெல்ல விடுங்கள். ஒரு நொடிக்குள் சீராக இழுக்க வேண்டும். பிறகு ரிவர்ஸிலும் அதையே செய்யுங்கள். சமதளத்தில் நடை வேகத்தில் ஐந்து நிமிடம் ஊர்ந்து பாருங்கள்; சூடானபின்தான் நடுக்கம் தலைகாட்டும். பத்து நிமிட நெடுஞ்சாலை டெஸ்ட் டிரைவில் இது எதுவும் தெரியாது.

எஞ்சின்: செகண்ட் ஹேண்டின் பலம் இங்கேதான்

பழைய எஞ்சின்களின் நோய்கள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன என்பது செகண்ட் ஹேண்ட் வாங்குபவருக்குப் பெரிய வசதி. ஆறாவது கோல்ஃபின் 1.2, 1.4 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) எஞ்சின்கள் ஈஏ111 என்ற குடும்பம். அதில் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் செயின் நீளும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளரும். ஏழாவது கோல்ஃபில் வந்த ஈஏ211-இல் செயினை எடுத்துவிட்டு பெல்ட் போட்டார்கள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே 2012-க்குப் பிந்தைய வண்டியைத் தேடலாம். பெரிய டர்போ பெட்ரோல் எஞ்சினான ஈஏ888-இன் இரண்டாம் தலைமுறை, பிஸ்டனின் ஆயில் ரிங் வடிவத்தால் எண்ணெய் குடித்தது. மூன்றாம் தலைமுறையில் அந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது. பதிலுக்கு வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு கசிகிறது.

பானட்டைத் திறந்து, இன்டேக் மேனிஃபோல்டின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கூலன்ட் கசிந்து காய்ந்திருந்தால் இளஞ்சிவப்பு உப்புப் படிவம்போல ஓரங்களில் ஒட்டியிருக்கும். எஞ்சினைக் கழுவிப் பளபளப்பாக்கி வைத்திருந்தாலும் அந்த இடுக்குக்குள் தண்ணீர் சரியாகப் போகாது. கூலன்ட் தொட்டி மட்டும் புத்தம் புதுத் திரவத்தோடு நிறைந்திருந்தால் அதையும் கேளுங்கள்.

செயின் எஞ்சின் என்றால் வண்டியைக் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். நாம் போகும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நொடிக்குச் சங்கிலி உரசும் கரகரப்பு கேட்டால் டென்ஷனர் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தள்ளிப்போட்டால் ஒருநாள் செயின் பல் தாண்டும், வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சினே போகும்.

2017-க்குப் பின் வந்த 1.5 டிஎஸ்ஐ நல்ல எஞ்சின். ஆரம்ப வருஷ மேனுவல் வண்டிகள் மட்டும் குளிரில் முதல் கியரில் குதித்துக் குதித்துக் கிளம்பின. சாஃப்ட்வேர் அப்டேட்டில் பெரும்பாலும் சரியானது. அப்டேட் ஏறியிருக்கிறதா என்று டீலர் சர்வீஸ் பதிவில் பார்க்கலாம். அந்தப் பதிவு இப்போது புத்தகத்தில் முத்திரையாக இல்லை, கணினியில் இருக்கிறது. விற்பவரிடம் பிரிண்ட் கேளுங்கள்.

டீசலில் 2015 ஒரு கோடு. அந்த செப்டம்பரில் வெளிவந்த உமிழ்வு மோசடியில் சிக்கியது ஈஏ189 எஞ்சின், உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள். 2.0-க்கு சாஃப்ட்வேர் திருத்தம் மட்டும். 1.6-க்கு அதோடு காற்று அளவி சென்சாருக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் வலையும் பொருத்தினார்கள். செகண்ட் ஹேண்ட் டீசல்தான் வேண்டும் என்றால் அதற்கு அடுத்து வந்த ஈஏ288-க்குப் போவதே சரி. அதிலும் குறுகிய தூரமே ஓடிய வண்டியைத் தவிருங்கள். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய நீண்ட ஓட்டம் வேண்டும்.

ஓடோமீட்டரை எப்படி நம்புவது? காரின் கணினியைப் படிக்கும் விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன் கருவியைச் செருகினால், பல கண்ட்ரோல் யூனிட்டுகளில் பழுதுகள் பதிவான கி.மீ. தெரியும். மீட்டரில் 80,000 காட்டி, பழைய பழுது 130,000-இல் பதிவாகியிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். பூட்டில் ஸ்பேர் வீல் குழியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எஞ்சின், கியர்பாக்ஸ் குறியீடுகள் இருக்கும். விளம்பரத்தில் சொன்னதை அதோடு ஒப்பிடுங்கள்.

புதுசு எதைத் தருகிறது?

வாரன்டி, தெரிந்த வரலாறு, புதிய பாதுகாப்பு வசதிகள். இவை பெரிய விஷயங்கள்தான். ஆனால் விலை மிக வேகமாக இறங்குவதும் முதல் மூன்று வருஷத்தில்தான், அந்த இழப்பு முழுவதும் முதல் உரிமையாளர் தலையில். ஆகவே பத்து வருஷம் வைத்து ஓட்டுபவருக்குப் புதுசு பொருந்தும். நான்கு வருஷத்தில் மாற்றுபவருக்குப் பொருந்தாது.

எட்டாவது கோல்ஃபை எடுப்பதாக இருந்தால் 2024 ஃபேஸ்லிஃப்டையே எடுங்கள். அதற்கு முன்னால் ஏசி, ஒலி அளவுக்கான தொடு பட்டைகளில் விளக்குகூட இல்லை, இருட்டில் தடவித் தேட வேண்டும். ஃபேஸ்லிஃப்டில் விளக்கு வந்தது, ஸ்டீயரிங்கில் நிஜப் பட்டன்கள் திரும்பின. ஆரம்ப வண்டிகளின் திரை உறைந்துபோகும் தொல்லையும் பரவலாகப் பேசப்பட்டது.

புதுசு வாங்கினால் முதல் 1,000 கி.மீ.க்கு உச்ச ஆர்பிஎம்மில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாதீர்கள். லாங் லைஃப் திட்டம் எண்ணெய் மாற்ற 30,000 கி.மீ. அல்லது இரண்டு வருஷம் வரை விடும். டர்போ எஞ்சினை நீண்ட நாள் வைத்திருப்பவர் 15,000 கி.மீ. அல்லது வருஷத்துக்கு ஒருமுறை மாற்றட்டும். கையேட்டில் எழுதியிருக்கும் தரக் குறியீடு கொண்ட எண்ணெயையே வாங்குங்கள். 508 00 என்ற குறியீட்டைக் கேட்கும் எஞ்சினுக்கு ஏதோ ஒரு 0டபிள்யூ-20 எண்ணெய் போதாது.

ஐடி.3 என்றால் கணக்கு வேறு

ஃபோக்ஸ்வேகனின் மின்சார காரான ஐடி.3-இல் செயினும் இல்லை, கிளட்சும் இல்லை. பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 160,000 கி.மீ. வரை 70 சதவீதக் கொள்ளளவு வாரன்டி உண்டு, அது வண்டியோடே அடுத்தவருக்கு வரும். எனவே மூன்று வருஷப் பழைய ஐடி.3 வாங்குபவருக்கு இன்னும் ஐந்து வருஷம் மிச்சம். செகண்ட் ஹேண்ட் தெளிவாக ஜெயிக்கும் இடம் இது.

2020, 2021 வண்டிகளில் சாஃப்ட்வேர் பதிப்பைப் பாருங்கள். 3.0-க்குக் கீழே இருந்தால் வொர்க்‌ஷாப்பில் ஏற்றித் தரும்படி விற்பவரிடமே சொல்லுங்கள். சில வண்டிகளுக்கு அந்த அப்டேட்டோடு 12 வோல்ட் பேட்டரியையும் மாற்ற வேண்டியிருந்தது. குறைந்த மின்சாரத்தில் வண்டிக்குள் சூடாக்கும் ஹீட் பம்ப் பல நாடுகளில் தனிக் காசு கொடுத்து வாங்கும் வசதி. குளிர்ப் பிரதேசத்தில் ஓட்டுபவர், விளம்பரத்தை நம்பாமல் ஆர்டர் தாளில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கவும்.