'டிஜிட்டல் பிரிண்ட்' என்று மட்டும் எழுதிய பில்லை நம்பி 72 டி-ஷர்ட்டுகளை இழந்தோம்

எங்கள் ஊர் வாசகசாலையின் பொன்விழாவுக்காக 72 டி-ஷர்ட்டுகளை அச்சடிக்கக் கொடுத்து, 30,240 ரூபாய் செலவழித்து, முதல் சலவையிலேயே அவை உடுத்தத் தகாதவையாகிப்போன விவரத்தை, இதே போன்ற வேலைக்கு முன்பணம் கொடுக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிடப்போவதில்லை. புகார் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் முன் இருக்கிறது என்பது ஒரு காரணம். அந்த ஒரு கடையின் பெயரைக் காட்டிலும், எங்களை ஏமாற்றப் பயன்பட்ட 'டிஜிட்டல்' என்ற சொல்லைப் பற்றித் தெரிந்துகொள்வது உங்களுக்குக் கூடுதலாக உதவும் என்பது மற்றொரு காரணம்.

திருவட்டாறு பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு மாத்தூர் தொட்டிப்பாலம் கூப்பிடு தூரம். விழாச் சட்டையில் என்ன படம் போடுவது என்று பேச்சு வந்தபோது, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி அந்தப் பாலத்தை நீர்வண்ணத்தில் வரைந்து கொண்டுவந்தாள். பறளியாற்றின் மேல் அந்தி வானம் மஞ்சளிலிருந்து செம்மைக்கும் செம்மையிலிருந்து ஊதாவுக்கும் எந்த இடத்தில் மாறுகிறது என்று சொல்ல முடியாதபடி கலந்திருந்தது. பாலத்தின் 28 தூண்களும் அதில் இருந்தன. "நேர்ல போயி எண்ணிப் பாத்துட்டுத்தான் வரைஞ்சேன் மாமா" என்றாள். அதன் பிறகு குழுவில் வேறு படத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை. சட்டைக்குக் கரும்பச்சை நிறத்தைத் தேர்ந்தோம்; பின்னால் வந்த தொல்லையில் பாதிக்கு அந்த நிறமே வழி திறந்துவிட்டது என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

முதலில் மார்த்தாண்டத்தில் பல ஆண்டுகளாக ஸ்கிரீன் பிரிண்டிங் செய்துவரும் ஒருவரிடம் போனோம். அவர் படத்தைச் சன்னல் ஓரத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஸ்கிரீன் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்கிரீன் வேண்டும். இழுத்துக் கட்டிய வலையின் மேல், ஒளி பட்டால் இறுகும் பூச்சைத் தடவி, படத்தில் அந்த நிறம் வரும் இடத்தை மட்டும் திறந்துவிட்டு, அதன் வழியாக மையை ஸ்குவீஜி என்ற ரப்பர்ப் பட்டையால் இழுத்துத் துணியில் இறக்க வேண்டும். நிறங்களை நுண்புள்ளிகளாகப் பிரித்து நான்கு ஸ்கிரீனில் அடிக்கும் வழியும் உண்டு என்றாலும், கரும்பச்சைத் துணியில் அதற்கு அடியில் வெள்ளைக்கு மேலும் ஒரு ஸ்கிரீன் போட வேண்டும், ஐந்தும் மயிரிழை விலகாமல் பொருந்த வேண்டும், கையால் அடிக்கும் தன் பட்டறையில் அது சரியாக வராது என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். "சாரே, ஐந்நூறு உருப்படி என்றால் வெளியே கொடுத்தாவது செய்து தரலாம். இந்த எழுபத்திரண்டுக்கு ஸ்கிரீன் போடுகிற செலவே கட்டுப்படியாகாது. படத்தை மூன்று நிறத்துக்குக் குறைத்துத் தாருங்கள், இல்லையென்றால் டிஜிட்டலில் அடித்துக்கொள்ளுங்கள்" என்றார். தன் கையை விட்டு வேலை போவது தெரிந்தே அவர் சொன்ன யோசனையில் இன்றுவரை எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. ஸ்கிரீனே தேவைப்படாத டிஜிட்டல் முறையில், பத்துச் சட்டை அடித்தாலும் நூறு சட்டை அடித்தாலும் ஒரு சட்டைக்கான செலவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். நிறங்களின் எண்ணிக்கை கூடுவதால் விலை கூடுவதும் இல்லை. எங்களுடையதைப் போன்ற சிறிய ஆர்டருக்கு அது பொருத்தமான முறைதான்.

நாகர்கோவிலில் நாங்கள் போய்ச் சேர்ந்த கடை கண்ணாடிக் கதவும் ஏசியுமாக இருந்தது. பொறுப்பில் இருந்த இளைஞர் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது டிடிஜி வேலை. மெஷினே நேராத் துணி மேல அடிச்சிரும். நூறு சதம் காட்டன், 180 ஜிஎஸ்எம். துணி கிழிஞ்சாலும் படம் போகாது" என்றார். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்ற கணக்கு. வீட்டில் காகிதத்தில் அச்சிடும் இங்க்ஜெட் இயந்திரத்தின் பெரியண்ணன்தான் டிடிஜி இயந்திரம். தைத்து முடித்த சட்டையைத் தட்டில் விரித்து வைத்தால், நிறமி கலந்த நீர்மையை நுண்துளிகளாக நேரே துணியின் மேல் தெளித்துப் படத்தை உருவாக்கும். கரும் துணியானால் முதலில் வெள்ளையை அடித்து அதன் மேல் மற்ற நிறங்களை அடிக்கும். சட்டை ஒன்றுக்கு 420 ரூபாய் என்று பேசி, 25,000 ரூபாயை முன்பணமாகக் கட்டினோம். 'டிஜிட்டல் பிரிண்ட் டி-ஷர்ட், 72 எண்ணம்' என்று பில் போட்டுத் தந்தார்கள். வாயால் சொன்ன டிடிஜியும் காட்டனும் ஜிஎஸ்எம்மும் அந்தத் தாளில் ஏறவில்லை. பொருளாளர் என்ற முறையில் அதை வாங்கி, படித்துப் பார்த்து, மடித்துப் பையில் வைத்தவன் நான்தான்.

ஐந்து நாள் கழித்து மாதிரிச் சட்டை ஒன்றைத் தந்தார்கள். படம் கண்ணைப் பறித்தது. அதைச் சுற்றிச் செவ்வகமாக ஒரு மங்கலான தடம் மட்டும் இருந்தது. முகர்ந்தால் வினிகரைப் போல லேசான புளிப்பு வாடை அடித்தது. குறை என்று எண்ணிக் கேட்டதற்கு, ஒரு தடவை நனைத்தால் போய்விடும் என்றார்கள். அவர்கள் சொன்ன பலவற்றில் அது உண்மை. கரும் துணியில் வெள்ளை மை தங்க வேண்டுமானால், அச்சிடும் முன் ஒரு கரைசலைத் துணியில் தெளித்து, ஹீட் பிரஸ் என்ற சூட்டு அழுத்தியில் அழுத்திக் காயவைக்க வேண்டும். அந்தக் கரைசலில் இருக்கும் உப்பு, மை விழுந்த உடனே அதைத் திரளச் செய்து, இழைகளுக்குள் ஊறி இறங்கிவிடாமல் மேற்பரப்பிலேயே நிறுத்துகிறது. இந்த முன்பூச்சின் தடத்தையே, அதாவது வேலையை ஒழுங்காகச் செய்ததற்கான அடையாளத்தையே, நாங்கள் குறையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தோம். நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதும் மாதிரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதை ஒரு முறையாவது துவைத்துப் பார்க்கவில்லை. கைபேசியில் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை.

விழாவுக்கு முந்திய நாள் இரவு எட்டு மணிக்கு, மீதி 5,240 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்ட பிறகே பெட்டிகளைத் தந்தார்கள். பிரித்துப் பார்த்தபோது செவ்வகத் தடமும் இல்லை, வாடையும் இல்லை. சொன்ன குறையைச் சரிசெய்துவிட்டார்கள் என்று மகிழ்ந்தோம். தூண்களின் வெள்ளை மட்டும் மாதிரியில் இருந்த அளவுக்குப் பளிச்சென்று இல்லாமல், சுண்ணாம்புச் சுவரில் பாசி படர்ந்தாற்போல ஒரு பச்சைச் சாயலோடு இருந்தது. டியூப் லைட் வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். மறுநாள் ஊர்வலத்தில் மழை பெய்தது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறி நனைக்கும் நம் மாவட்டத்தில் அது எதிர்பாராதது அல்ல; விழாவும் நன்றாகவே நடந்து முடிந்தது.

அதற்கு அடுத்த நாள் காலையில் என் சட்டையை நானே ஒரு வாளித் தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்துக் கையால் கசக்கினேன். தூரிகை போடவில்லை, வெந்நீர் ஊற்றவில்லை. வாளியில் தண்ணீர் சாம்பல் நிறமாயிற்று. கொடியில் காய்ந்த பிறகு பார்த்தால், வானத்தில் ஊதா இருந்த இடம் வெறும் துணியாகத் தெரிந்தது. தூண்களில் பதினொன்றைத்தான் எண்ண முடிந்தது. அவையும் நடுவில் வெடித்து, இழைகளோடு இழையாக மை துருத்திக்கொண்டு நின்றன. மாலைக்குள் ஒவ்வொரு வீடாக அழைப்பு வரத் தொடங்கியது. படம் வரைந்த சிறுமியின் தாய், "அண்ணா, ஒங்க வீட்டுலயும் இப்படித்தானா, இல்ல நான்தான் துவைக்கத் தெரியாமத் துவைச்சிட்டனா?" என்று கேட்டார்.

மார்த்தாண்டத்துக்காரரிடமே சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். அவர் முதலில் அதை உட்புறம் திருப்பிப் பார்த்தார். வெள்ளை மை மறுபக்கம் வரை ஊறி இறங்கியிருந்தது. முன்பூச்சைப் போடவே இல்லை, அல்லது பேருக்குத் தெளித்திருக்கிறார்கள் என்றார். பிறகு கீழ் மடிப்பின் உள்பக்கத்தில் துணியைச் சிறிது கத்தரித்து, அதிலிருந்து ஓர் இழையை உருவினார். தையல் நூலை உருவக் கூடாதாம். பருத்திச் சட்டையிலும் தையல் நூல் பாலியஸ்டராக இருப்பது வழக்கமாம். பருத்தி இழை காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். இந்த இழையோ சுருண்டு உருகி, நுனியில் கடுகைவிடச் சிறியதாக ஒரு கெட்டி உருண்டையை விட்டது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், நசுங்கவில்லை. பாலியஸ்டர் கலந்த துணி என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. பச்சைச் சாயலுக்கும் அதுவே காரணம் என்றார் அவர். பாலியஸ்டருக்கு ஏற்றிய சாயம் ஹீட் பிரஸ்ஸின் சூட்டில் ஆவியாகி, மேலே இருக்கும் வெள்ளை மைக்குள் ஏறிவிடும். அச்சிட்ட மையைச் சுமார் 160 டிகிரி வெப்பத்தில் போதிய நேரம் வைத்து இறுக்குவதையும் அவசரத்தில் பாதியில் விட்டிருப்பார்கள் என்றார். இது அவருடைய ஊகம், மற்ற இரண்டும் நான் கண்ணால் பார்த்தவை.

கடையில் உரிமையாளர் பேசியதை முழுவதும் எழுத விரும்பவில்லை. நாங்கள் உப்புத் தண்ணீரில் துவைத்திருப்போம் என்றார். வாஷிங் மெஷினில் போட்டிருப்போம் என்றார். கடைசியில், "சரி அண்ணாச்சி, குடுங்க, மாத்தித் தாரேன்" என்று 40 சட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தவை அதே பழைய சட்டைகள்தாம். பாழான படத்தின் மேலேயே புதிதாக ஒரு படத்தை ஒட்டியிருந்தார்கள். அது டிடிஎஃப் என்ற வேறு முறை: படத்தைப் பிளாஸ்டிக் பிலிமில் அச்சிட்டு, அதன் பின்புறம் பசைத் தூளைத் தூவி உருக்கி, ஹீட் பிரஸ்ஸால் துணியில் ஒட்டிவிட்டுப் பிலிமை உரித்தெடுப்பது. நெஞ்சில் ரப்பர் தாளைக் கட்டிக்கொண்டதுபோல அதற்குள் வியர்த்தது. கீழே உதிர்ந்துகொண்டிருந்த பழைய மையின் மேல் ஒட்டியதால், மூன்றாம் சலவையில் ஓரங்கள் கிளம்பின. டிடிஜி என்று சொல்லித்தானே பணம் வாங்கினீர்கள் என்று கேட்டபோது, அவர் எங்களுடைய பில்லையே எங்களிடம் நீட்டி, "இதுவும் டிஜிட்டல்தான்" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை, தொல்லையே அதுதான். கணினியிலிருந்து மையைத் துளியாகத் தெளிக்கும் எல்லாமே டிஜிட்டல். நேரே துணியில் அடிக்கும் டிடிஜி, பிலிமிலிருந்து ஒட்டும் டிடிஎஃப், தாளில் அச்சிட்டு 190 அல்லது 200 டிகிரி சூட்டில் சாயத்தை ஆவியாக்கித் துணிக்குள் ஏற்றும் சப்ளிமேஷன், துணியைச் சுருளாக ஓட்டி, இழையோடு வேதிவினையால் பிணையும் ரியாக்டிவ் சாயத்தால் அடித்து நீராவியில் வேகவைத்து மிச்சச் சாயத்தை அலசி எடுக்கும் பெரிய ஆலை வேலை ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பெயர் செல்லும். இவற்றில் எதுவும் மட்டமான முறை அல்ல. நம் கடலோர ஊர்களின் கால்பந்து அணிகளுக்கு வெளிர்நிறப் பாலியஸ்டர் ஜெர்சியில் சப்ளிமேஷன் அடித்தால், சட்டை நைந்த பிறகும் எண் மங்காது. அதையே பருத்தியில் அடித்தால் தண்ணீரோடு போய்விடும். டிடிஎஃப்பைப் பெரும்பாலான துணிகளில் ஒட்டலாம், சிறிய சின்னத்துக்கு நன்றாகவே இருக்கும்; மார்பு அகலப் படத்துக்கு நான் இனி அதைக் கேட்க மாட்டேன். எந்தத் துணி, எந்த மை, எந்த முறை என்ற மூன்றும் பொருந்தினால்தான் படம் நிற்கும். 'டிஜிட்டல்' என்ற சொல் அந்த மூன்றில் ஒன்றையும் சொல்வதில்லை.

ஆகவே முறையின் பெயரையும், துணியில் பருத்தி எத்தனை விழுக்காடு என்பதையும், ஜிஎஸ்எம்மையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கும் கடையிலிருந்து அப்போதே வெளியேறிவிடுங்கள். மாதிரி இரண்டாகக் கேளுங்கள். ஒன்றில் இருவரும் கையெழுத்திட்டு உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை உங்கள் வீட்டுத் தண்ணீரில் மூன்று முறை துவைத்து, ஈரமான வெள்ளைத் துணியால் படத்தை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சலவைக்கும் உராய்வுக்கும் சாயம் தாங்குவதை அளக்க ஐஎஸ்ஓ 105 என்ற சர்வதேசத் தரநிலைத் தொகுப்பில் முறையான சோதனைகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் அடிப்பவர்கள் அவற்றைக் கேட்கலாம், எழுபது சட்டைக்கு ஒரு வாளி போதும். விழாவுக்கு முந்திய இரவில் சரக்கை எடுக்கும்படி நாளை நெருக்கிவிடாதீர்கள். எங்களிடம் ஒரு வாரம் இருந்திருந்தால் அந்த 5,240 ரூபாயாவது கையில் நின்றிருக்கும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்த பிறகு, கடைக்காரர் 8,000 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டு அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அதன் பின்பே ஆணையத்துக்குப் போனோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகாருக்குக் காரணமான நிகழ்விலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பில் எங்களுக்கு உதவவில்லை. ஆனால் ஆர்டர் கொடுத்த அன்று இரவு அந்த இளைஞர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு குரல் பதிவில் 'டிடிஜி', 'நூறு சதம் காட்டன்' என்ற இரண்டும் தெளிவாக இருக்கின்றன. அதை நல்லவேளையாக நான் அழிக்கவில்லை.

தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால், இரண்டு சட்டைகளை உறையிலிட்டு வாசகசாலையின் இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம். ஒன்று நான் துவைத்தது. மற்றது அளவு சிறியதாகப்போய் யாரும் எடுத்துக்கொள்ளாதது, இன்னும் நீர் படாதது. அதில் 28 தூண்களும் பச்சை பாரித்தபடி நிற்கின்றன.