எம்பிஎச் முடித்தவர்களுக்கான நேர்காணல் பயிற்சி: மதுரையில் என் அனுபவம்

பல் மருத்துவம் படித்துவிட்டு, அப்புறம் இரண்டு வருடம் எம்பிஎச் (பொது சுகாதார முதுகலைப் படிப்பு) முடித்தேன். பட்டம் வாங்கி ஏழு மாதமாகியும் வேலை அமையவில்லை. மூன்று நேர்காணலுக்குப் போய் மூன்றிலும் தேறவில்லை. கல்லூரி சீனியர் அக்கா ஒருவர்தான் இந்தப் பயிற்சியைப் பற்றிச் சொன்னார்.

மதுரையில், ஓய்வுபெற்ற பொது சுகாதார மருத்துவர் ஒருவர் தன் வீட்டு மாடியில் நடத்துகிறார். பெயர்ப்பலகைகூட இல்லை. பயோடேட்டாவைத் திருத்தித் தருவார், இரண்டு முறை மாதிரி நேர்காணல் வைப்பார். மொத்தம் 3,000 ரூபாய்.

அந்த மாதிரி நேர்காணலுக்காகவே போகலாம். 240 பேர் வசிக்கும் தெருவில் 36 பேருக்கு வயிற்றுப்போக்கு, அட்டாக் ரேட், அதாவது அங்கிருப்பவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு நோய் வந்தது, என்ன என்று கேட்டார். 15 சதவீதம் என்று உடனே சொல்லிவிட்டேன். "சரிம்மா, இப்ப அந்தத் தெருவுக்குப் போற. மொதல்ல யாரப் பார்ப்ப?" என்றார். எனக்குப் பதிலே வரவில்லை. கிராம சுகாதார செவிலியரிடம் என்ன கேட்பது, யாருக்கு எந்தத் தேதியில் தொடங்கியது என்று லைன் லிஸ்ட் எழுதுவது, வீடுகளை வரைபடத்தில் குறிப்பது, டேங்க் ஆபரேட்டரைத் தேடிப் பிடிப்பது என்று ஒவ்வொன்றாக என் வாயாலேயே சொல்ல வைத்தார்.

பிறகு அலமாரியிலிருந்து தண்ணீரில் குளோரின் அளவைப் பார்க்கும் குளோரோஸ்கோப் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். குழாய்த் தண்ணீரைப் பிடித்து குளோரின் இருந்தால் மஞ்சளாகும் ஆர்த்தோடோலிடின் திரவத்தைச் சொட்டு விட்டதும் லேசாக மஞ்சள் ஏறியது. பக்கத்திலிருந்த நிற அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். குடிநீரில் குறைந்தது 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும், நோய் பரவும் நேரத்தில் 0.5 வேண்டும் என்று நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்த நிறத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பயோடேட்டாவிலும் இதே பார்வைதான். நான்கு பக்கத்தை இரண்டாக்கினார். புகையிலைப் பழக்கம் பற்றிய என் ஆய்வுக்குத் தலைப்பை மட்டும் போட்டிருந்தேன். விசைத்தறிக் கூடங்களில் அனுமதி வாங்கியது, இரவு ஷிப்ட் முடியும்வரை காத்திருந்து வாய்ப் பரிசோதனை செய்தது எல்லாம் உள்ளே வந்தது. படித்தபோது எனக்கே நம்பிக்கை வந்தது.

குறையும் உண்டு. திருத்திய பயோடேட்டா ஒன்பது நாள் தாமதமாகக் கிடைத்ததால் ஒரு விண்ணப்பத்தின் கடைசித் தேதி போய்விட்டது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. தொண்டு நிறுவனம், ஆராய்ச்சி நிறுவனம், வெளிநாட்டு வேலை என்று யோசிப்பவர்களுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அவருடைய அனுபவம் முழுக்க அரசுத் துறைதான்.

அடுத்த நேர்காணலில், நோய்க் கண்காணிப்புக்காக நிரப்பும் எஸ், பி, எல் படிவங்களை யார் யார் நிரப்புவார்கள் என்று கேட்டார்கள். அறிகுறியை வைத்துச் செவிலியர், நோயைக் கணித்து மருத்துவர், பரிசோதனை முடிவை வைத்து ஆய்வகம் என்று சொன்னதோடு நிற்காமல், எஸ் படிவத்தில் ஒரே கிராமத்தில் எண்ணிக்கை கூடினால் அன்றே என்ன செய்வேன் என்பதையும் சொன்னேன். இப்போது ஒரு மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவில் ஒப்பந்தப் பணியில் ஐந்து மாதமாக இருக்கிறேன்.

போகிறவர்கள் ஞாயிறு காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், அன்று அவர் அவசரப்படுத்த மாட்டார். உங்கள் ஆய்வறிக்கையை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். விண்ணப்பத் தேதிக்கு மூன்று வாரம் முன்பே பயோடேட்டாவைக் கொடுத்துவிடுங்கள்.