சோடியம் பெர்சல்ஃபேட்டுடன் மூன்று ஆண்டுகள்

வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்யும்போது வேண்டாத செம்பைக் கரைத்து அரித்தெடுக்க ஃபெர்ரிக் குளோரைடு வாங்குவதா, சோடியம் பெர்சல்ஃபேட் வாங்குவதா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் சிங்கப்பூரில் மின்னணு உதிரிபாகங்கள் விற்கும் சிம் லிம் டவரிலிருந்து தொலைபேசியில் கேட்டார். ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மூன்று ஆண்டுகளாகப் பெர்சல்ஃபேட்டையே பயன்படுத்தி வந்தும், என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

முதல் ஆண்டு முழுவதும் ஒரே தொல்லை. மெல்லிய கோடுகளின் ஓரங்கள் அரிபட்டுப் போன பிறகும், போர்டின் நடுவே செம்புத் திட்டுகள் கரையாமல் நிற்கும். லிட்டருக்கு 200 கிராம் வீதம் புதிதாகக் கலந்தேன். சூட்டை 40 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு உயர்த்தினேன். காற்றுக் குமிழிகளும் விட்டுப் பார்த்தேன். எதுவும் பலிக்கவில்லை. குற்றம் பெர்சல்ஃபேட்டில் இல்லை, அதற்கு முந்திய டெவலப்பரில் இருந்தது. செம்பின்மேல் உள்ள ஃபோட்டோரெசிஸ்ட் என்ற ஒளியுணர் பூச்சை, அரிக்க வேண்டிய இடங்களில் மட்டும் கழுவி நீக்கும் கரைசல் அது. டெவலப்பராகக் கரைத்து வைத்த சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி வலுவிழந்துவிடும் என்பதால், பல வாரப் பழைய கரைசலில் கழுவிய போர்டில் கண்ணுக்குத் தெரியாத ஃபோட்டோரெசிஸ்ட் படலம் எஞ்சியிருந்தது.

அதைக் காட்டிக்கொடுத்ததும் பெர்சல்ஃபேட்தான். போர்டை இருபது நொடி மட்டும் அமிழ்த்தி எடுத்தால், படலம் நீங்கிய செம்பு மினுமினுப்பை இழந்து வெளிறிய இளஞ்சிவப்பாகிவிடும். பளபளப்பாகவே இருக்கும் இடத்தில் படலம் மிச்சமிருக்கிறது என்று பொருள். அப்போதே அலசிவிட்டு, புதிய டெவலப்பரில் மறுபடி கழுவினால் போர்டு பிழைத்துவிடும். திரவம் தெளிவாக இருப்பதால் அரிப்பு நடப்பதையும், செம்பு கரையக் கரைய நீலம் ஏறுவதையும் நேரில் காணலாம். ஃபெர்ரிக் குளோரைடின் கரும்பழுப்பில் இந்த வசதி கிடையாது. தரை ஓட்டில் சிந்தினால் கறையும் எளிதில் போகாது.

ஆயினும் ஒரு கோபம் தீரவில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் பெர்சல்ஃபேட் தூள் கட்டிதட்டிப் போகிறது. ஒருமுறை சூடாக்கிய கரைசல் பயன்படுத்தாவிட்டாலும் தானே சிதைந்து ஆக்சிஜனை வெளியிடுவதால், புட்டியை இறுக மூடவும் முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒரு போர்டு செய்யும் நான், கலக்கியதில் பாதியை வீணாக்குகிறேன். செம்பு கலந்த கழிவைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றக்கூடாது என்பதால் அதையும் சேர்த்துவைக்க வேண்டியிருக்கிறது. ஃபெர்ரிக் குளோரைடோ மூடிய புட்டியில் நெடுநாள் கெடாமல் காத்திருக்கும்.

ஆகவே நண்பரை ஃபெர்ரிக் குளோரைடே வாங்கச் சொன்னேன். எனக்கு இன்னொரு கிலோ பெர்சல்ஃபேட் வாங்கிவரும்படியும் கேட்டுக்கொண்டேன்.