பம்மல் பக்கம் வீடு பார்ப்பவர்கள் கவனத்திற்கு

சென்னை விமான நிலையத்துக்கு மேற்கே, பம்மலில் போன ஆண்டு மூன்றாம் மாடியில் ஒரு வீடு வாங்கினேன். தரகர் என்னிடம் மறைத்ததை நீங்களாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டை அவர் காட்டியது ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில். அரை மணி நேரத்தில் ஒரே ஒரு விமானம் போனது, அதுவும் நல்ல உயரத்தில். "இவ்வளவுதான் சார் சத்தம்" என்றார். இரவில் ஒருமுறை வருகிறேன் என்றதற்கு, வேறொருவர் முன்பணத்தோடு காத்திருப்பதாக அவசரப்படுத்தினார். விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்றிதழையும் எடுத்து நீட்டினார். அதைக் கண்டதும் என் சந்தேகம் அடங்கிவிட்டது. அது கட்டடத்தின் உயரத்துக்குக் கொடுக்கும் சான்றிதழ். சத்தத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை!

நவம்பரில் குடிபோனோம். முதல் இரவே அம்மா பதறி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறும், இறங்கும். மேற்கிலிருந்து காற்று வீசும் ஆகஸ்டில் அவை பரங்கிமலைப் பக்கமாக வந்து இறங்கி, எங்கள் பக்கமாக ஏறிப் போகின்றன. ஓடுபாதை மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம் என்பதால், எங்களை எட்டுவதற்குள் பெரும்பாலானவை உயர்ந்துவிடும். வாடை தொடங்கியதும் எல்லாம் தலைகீழ். இறங்குகிற விமானங்கள் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே வருகின்றன. இறங்கும் சரிவு சுமார் 3 பாகை. ஓடுபாதை முனையிலிருந்து 2 கிலோமீட்டரில் உள்ள வீட்டுக்கு மேலே அது ஏறக்குறைய 120 மீட்டர் உயரம்தான். எஞ்சின் தணிந்திருந்தாலும், இறக்கிவிட்ட சக்கரங்களும் விரிந்த இறக்கை மடல்களும் காற்றைக் கிழிக்கும் ஓசையில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் வந்து போகின்றன.

ஆகஸ்டிலும் முழு நிம்மதி கிடையாது. தொலைதூரப் பயணத்துக்கு எரிபொருள் நிரப்பிய பெரிய விமானம் மெதுவாகத்தான் ஏறும், வெப்பம் மிகுந்த நாளில் இன்னும் மெதுவாக.

தரகருக்கு இவையெல்லாம் தெரியும். பல ஆண்டுகளாக அதே தெருவில் வீடு விற்பவர். இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை.

பொழிச்சலூரிலோ பம்மலிலோ ஆலந்தூரிலோ வீடு பார்த்தால், முன்பணம் கொடுக்குமுன் இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை மொட்டைமாடியில் போய் நில்லுங்கள். தென்மேற்குப் பருவத்தில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை. அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதென்றால் கீழ்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை.