பாப்ஸ்ட் புளூ ரிப்பன்: கேப்டன் பேரில் ஒரு பீர்

சிகாகோவிலிருந்து லீவுக்கு வந்த மச்சான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பீர் இது. சென்னைக் கடைகளில் நான் பார்த்ததில்லை. முதலில் ருசியைச் சொல்லிவிடுகிறேன். 355 மில்லி கேன், ஆல்கஹால் 5 சதவீதத்துக்குக் கீழேதான், அதனால் ஸ்ட்ராங் பீர் குடித்துப் பழகியவர்களுக்கு ரொம்ப லேசாகத் தெரியும். கசப்பு கம்மி, மக்காச்சோளத்தின் மெல்லிய இனிப்பு, நுரை சீக்கிரம் அடங்கிவிடுகிறது. நன்றாகச் சில்லென்று இருக்க வேண்டும். வஞ்சிரம் வறுவலோடு பிரமாதமாகச் சேர்ந்தது. மே மாதத்து மொட்டை மாடிக்கு இவ்வளவு லேசான பீர்தான் சரி என்பது என் கட்சி.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது கேனில் இருக்கும் அந்தப் பேருக்காக. பாப்ஸ்ட் இந்த ஆலையை ஆரம்பித்தவரே இல்லை, அந்த வீட்டு மருமகன்!

பிரெடரிக் பாப்ஸ்ட் 1836-ல் ஜெர்மனியில் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்தவர். 1848-ல் பெற்றோரோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறி, அடுத்த வருடமே சிகாகோவில் காலராவுக்கு அம்மாவைப் பறிகொடுத்தார். ஓட்டலில் எடுபிடி வேலை, பிறகு மிச்சிகன் ஏரியில் ஓடிய நீராவிக் கப்பல்களில் கேபின் பையன். ஏரி என்றதும் செம்பரம்பாக்கத்தை நினைத்துவிடாதீர்கள், பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர், எதிர்க்கரை கண்ணுக்கே தெரியாது, புயல் அடித்தால் கப்பலையே விழுங்கும். அங்கே 21 வயதில் கேப்டன் ஆகிவிட்டார். அவர் கப்பலில் பயணியாக வந்துபோனவர் பிலிப் பெஸ்ட், அந்த ஏரிக்கரை நகரமான மில்வாக்கியில் தன் அப்பா ஜேக்கப் பெஸ்ட் 1844-ல் பிள்ளைகளோடு தொடங்கிய பீர் ஆலையை நடத்திக்கொண்டிருந்தவர். 1862-ல் பிலிப்பின் மகள் மரியாவைக் கேப்டன் கல்யாணம் செய்துகொண்டார்.

அடுத்த வருடம் டிசம்பரில் 'சீ பேர்ட்' என்ற கப்பலைப் புயலில் கரைதட்டவிட்டுத்தான் காப்பாற்ற முடிந்தது. சேதம் பெரிது. 1864-ல் கப்பல் வேலையை விட்டுவிட்டு மாமனார் ஆலையில் பங்கு வாங்கிச் சேர்ந்துவிட்டார். பீர் காய்ச்சத் தெரியாத மனிதர்! மாமனார் தொழிலில் மருமகன் கைவைத்தால் நம் பக்கம் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று தெரியும், ஆனால் இவர் உட்கார்ந்து சாப்பிட வந்தவர் இல்லை, தொழிலை அடியிலிருந்து கற்றுக்கொண்டார். சில ஆயிரம் பீப்பாய் போட்டுக்கொண்டிருந்த ஆலை 1893 வாக்கில் வருடத்துக்குப் பத்து லட்சம் பீப்பாயைத் தாண்டியது. 1889-ல் கம்பெனிக்கே பாப்ஸ்ட் என்று பேர் மாறிவிட்டது. கடைசிவரை ஊர் அவரைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு குழாய் விஷயம். அந்த நாள் வரிச் சட்டப்படி பீரைப் பீப்பாயில் ஊற்றி, வரி முத்திரை ஒட்டி, தெருவைத் தாண்டி உருட்டிக்கொண்டுபோய்த்தான் பாட்டிலில் அடைக்க வேண்டும். இது வீண் வேலை என்று விடாமல் மன்றாடி 1890-ல் சட்டத்தையே மாற்றவைத்து, ஆலையிலிருந்து பாட்டில் கூடத்துக்கு நேராகக் குழாய் போட்டுவிட்டார்கள். சரியான வேலைக்காரர்கள்.

நீல ரிப்பன் வெறும் படம் இல்லை. 1882 முதல் பாட்டில் கழுத்தில் நிஜமான பட்டு ரிப்பனைக் கையாலேயே கட்டினார்கள். கேனில் 1893 என்று போட்டிருப்பது சிகாகோ உலகக் கண்காட்சியை. அங்கே முதலிடம் யாருக்கு என்று போட்டி பீர்க் கம்பெனியான அன்ஹைசர்-புஷ்ஷோடு பெரிய தகராறே நடந்தது.

கேப்டன் 1904 புத்தாண்டு அன்று காலமானார். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் அந்த ஆலை பாலாடைக்கட்டி செய்து பிழைத்தது. மில்வாக்கியின் பழைய ஆலையை 1996-ல் மூடிவிட்டார்கள், கம்பெனியும் இப்போது குடும்பத்தின் கையில் இல்லை. எனக்கு அது வருத்தம்தான்.

சரி, வாங்கலாமா? தேடி அலைய வேண்டாம், அமெரிக்காவிலிருந்து யாராவது வந்தால் சொல்லிவையுங்கள். ஒரு எச்சரிக்கை, சுங்கத்தில் வரியில்லாமல் ஒரு ஆளுக்கு 2 லிட்டர்தான் விடுவார்கள், ஆறு கேன் கட்டு 2,130 மில்லி வரும். ஐந்தோடு நிறுத்தச் சொல்லுங்கள்.